தபால்பெட்டியில் பெயர் ஒட்டிவிட்டீர்களா? ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு… இதெல்லாம் தெரியுமா?

ஜெர்மனியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்குத் தனி எண்ணே கிடையாது, தெரியுமா? தெருப் பெயர், கட்டட எண், ஊர்க் குறியீடு, அவ்வளவுதான் முகவரி. எத்தனையாவது மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்ற விவரமெல்லாம் உறையின்மேல் வராது. கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுகிறார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையா? கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்! வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு நாள் வேறொரு கடிதத்தில் வரும். காப்பீட்டு அட்டை ஒன்று, வரி எண் ஒன்று என்று முதல் மாதம் முழுக்கத் தபாலில்தான் உங்கள் வாழ்க்கை நடக்கும். அதனால் போய் இறங்கியதும் சூட்கேஸைத் திறப்பதற்கு முன்பே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். கடவுச்சீட்டில் எந்த எழுத்தில் பெயர் இருக்கிறதோ அதே எழுத்தில்!

ஏன் இந்தக் கதையை இப்போது சொல்ல வேண்டும்? ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? நெடுங்காலம் சீன மாணவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். 2022-23 குளிர்காலப் பருவத்தில் இந்திய மாணவர்கள் அவர்களைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டே எண்ணிக்கை 49,000-ஐக் கடந்துவிட்டது! நம் தெருவிலேயே ஒரு வீட்டில் யாராவது ஒருவர் இப்போது ஆஹனுக்கோ கெம்னிட்ஸுக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

அவர்கள் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்ளும் சங்கிலி ஒன்று உண்டு. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், ‘நான் இந்த முகவரியில் வசிக்கிறேன்’ என்று பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். ஜெர்மானியருக்கும் இதே சட்டம்தான்! பதிய வேண்டுமானால் வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதித் தாள் வேண்டும். பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வேலையில் சேர வரி எண் கேட்பார்கள். தங்கும் அனுமதி அட்டைக்குப் பதிவுச் சான்று கேட்பார்கள். பல வங்கிகளும் அதையே கேட்கும். ஒரே ஒரு தாள்! அதனால்தான் அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் “அன்மெல்டுங் செய்யலாமா?” என்று கேளுங்கள். முடியாது என்று சொல்கிற வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நீண்டகாலம் தங்க உதவாது.

அந்தப் பதிவுப் படிவத்தில் ‘உங்கள் மதம் என்ன’ என்றொரு கட்டம் இருக்கும், தெரியுமா? அது வெறும் புள்ளிவிவரத்துக்காக இல்லை. கத்தோலிக்கர் என்று எழுதினால், பிற்பாடு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது அந்த வரியின்மேல் 9 விழுக்காடு, பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்கிலும் 8 விழுக்காடு, தேவாலய வரியாகப் பிடிக்கப்படும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் குடும்பத்திலிருந்து வருகிற பிள்ளை இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு, எழுதுவதை அறிந்தே எழுதட்டும்.

பதிவு முடிந்த சில வாரத்தில் இன்னொரு கடிதம் வரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம்! “என் அறையில் டிவியே இல்லையே” என்றால் செல்லாது. வீடு இருந்தாலே கட்டணம் உண்டு. மாதம் 18.36 யூரோ. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். 4 பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டி, மற்ற மூவரும் அந்தக் கணக்கு எண்ணைத் தெரிவித்தால் போதும். இது தெரியாமல் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பகிர்ந்துகொண்டால் தலைக்கு 5 யூரோகூட வராது!

சரி, பணம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணமே கிடையாது என்பது பலருக்கும் தெரியும். விதிவிலக்குகள் தெரியுமா? பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் அத்தகையவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் பருவத்துக்கு ஒருமுறை சிறு பங்களிப்புத் தொகை மட்டும். படிப்பு இலவசம், சரி, சாப்பாடும் கூரையும்? அதற்காகத்தான் ஷ்பெர்கோன்டோ! விசாவுக்கு முன்பே ஓர் ஆண்டுச் செலவை, 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோவை, முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். ஏறத்தாழ 11, 12 லட்சம் ரூபாய். அங்கே போனபின் மாதம் 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து வராது. நகையை அடகு வைத்துச் சேர்த்த பணமாக இருக்கலாம், அப்பாவின் ஓய்வூதியப் பணமாக இருக்கலாம்; அதை மாதாமாதம் அளந்து கொடுக்கும் இந்த ஏற்பாடு முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருக்கும். ஆறாம் மாதம் அதன் அருமை புரியும்.

முதல் மாதத்தில் மட்டும் அந்த 992 போதாது. காரணம் முன்பணம். இங்கே ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, தெரியுமா? தண்ணீர், சூடேற்றும் செலவு எதுவும் சேராத வாடகையை ‘குளிர் வாடகை’ என்கிறார்கள். அவையும் சேர்ந்தது ‘சூடான வாடகை’. முன்பணம் 3 மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் 3 மாதத் தவணையில் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு! “நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று எழுதுகிற ஆளுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். வீட்டைப் பார்க்காமல் பணம் கேட்பது மோசடியின் பழைய அடையாளம்.

வீடு கிடைத்துக் கதவைத் திறந்தால் சமையலறை காலியாக இருக்கலாம், தெரியுமா? மேடை, அடுப்பு, கழுவுதொட்டி எதுவும் இல்லாமல் சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்! முந்தைய வாடகைதாரர் தன் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது அதை உங்களுக்கு விற்கப் பார்ப்பார். அதனால்தான் மாணவர்கள் மாணவர் விடுதிக்கோ, பலர் பகிரும் வேகே என்ற கூட்டு வீட்டுக்கோ போகிறார்கள். வேகேயில் இடம் கிடைக்க ஏற்கெனவே இருப்பவர்கள் உங்களை நேர்காணல் செய்வார்கள். நீங்கள் என்ன சமைப்பீர்கள், இரவில் எப்போது தூங்குவீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். சாம்பார் செய்வேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

விடுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மியூனிக்கில் இருக்கிறது. 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய குட்டி வீடுகள் பிறகு மாணவர்களுக்கே போய்விட்டன! இடித்துப் புதுப்பித்த பின்னும் அதே வடிவம்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன, ஒவ்வொன்றின் முகப்பிலும் அதில் குடியிருக்கும் மாணவர் தனக்குப் பிடித்த ஓவியத்தைத் தீட்டிக்கொள்ளலாம். அந்தச் சந்துகளில் நடந்தால் தலை திரும்பிக்கொண்டே இருக்கும்.

சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல கட்டடங்களில் வாசல் கதவிலிருந்து அறைக்கதவு வரை ஒரே பூட்டுத் தொகுதி. ஒரு சாவி தொலைந்தால் பூட்டுகளையே மாற்ற நேரலாம், செலவு தலைக்குமேல் போகும். இதற்காகவே மாதம் சில யூரோவில் பொறுப்புக் காப்பீடு என்ற ஒன்றை ஜெர்மானியர்கள் எடுத்து வைக்கிறார்கள். சாவி தொலைவதும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பயணப் பெட்டியில் என்ன வைப்பது? நெய்யும் பால்கோவாவும் வேண்டாம்! ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுவரத் தடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்கும் வேதனை எதற்கு? 2019 டிசம்பரிலிருந்து பச்சைத் தாவரங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். அதனால் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆனால் கேளுங்கள் இந்த அதிசயத்தை: சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரலாம் என்று ஒன்றியம் விதிவிலக்குக் கொடுத்த பழங்கள் 5 மட்டும். அன்னாசி, டுரியான், பேரீச்சை, வாழை, தேங்காய்! உலகத்தில் இத்தனை பழங்கள் இருக்க, நம் பூஜைத்தட்டின் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

குக்கர் எடுத்துப் போகிறீர்களா? அலுமினியக் குக்கர் மின்காந்த அடுப்பில் சூடாகாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மின்னழுத்தம் இங்கே இருப்பது போலவே 230 வோல்ட்டுதான், கருவிகளுக்கு ஆபத்தில்லை. நம் மூன்று முள் செருகிதான் அங்கே நுழையாது.

வகுப்பறைக்குப் போவோம். கால அட்டவணையில் 10 மணி என்று போட்டு, பக்கத்தில் ‘சி.டி.’ என்று இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10:15-க்குத்தான் தொடங்கும், தெரியுமா? இதற்கு ‘கல்விக் கால்மணி’ என்று பெயர். ‘எஸ்.டி.’ என்று இருந்தால் சொன்ன மணிக்குச் சரியாக! விரிவுரை முடிந்ததும் திடீரென்று அறை முழுக்க டகடகவென்று சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள், எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பேராசிரியரைப் பாராட்டுகிறார்கள். கைதட்டல் அங்கே வழக்கமில்லை. மதிப்பெண்ணோ தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. வீட்டுக்கு ஃபோன் செய்து “அம்மா, 1.3 வாங்கியிருக்கேன்மா” என்றால் அம்மா மனம் உடைந்துவிடக்கூடும், முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வருகைப் பதிவு பல பாடங்களில் இல்லை. பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு தேர்வுகூட இருக்கலாம். அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், பதியும் நாள் போனால் போனதுதான். பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு 3 வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் பதிவு ரத்தாகும். அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம். நம் ஊரில் அரியர் வைத்துப் பின்னால் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. யாராவது சொல்லியே ஆக வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது, தெரியுமா? 1919-இன் வைமார் அரசியலமைப்பில் ஞாயிறை ஓய்வு நாளாகக் காத்த பிரிவை 1949-இல் எழுதிய இன்றைய அரசியலமைப்பு அப்படியே சேர்த்துக்கொண்டது. ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் காலையில் சில மணி நேரம் பேக்கரிகளும் மட்டும் திறந்திருக்கும். குளிர்காலப் பருவம் தொடங்குவது அக்டோபர் 1. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அந்த நாளை ஒட்டி ஒரு சனிக்கிழமை இரவில் போய் இறங்கினால் அரிசி வாங்கக்கூட இடமில்லாமல் திண்டாட நேரும். கையில் இரண்டு பாக்கெட் சேமியா இருக்கட்டும்.

காலி பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள்! ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை. சூப்பர் மார்க்கெட்டில் இயந்திரத்தின் வாயில் பாட்டிலைக் கொடுத்தால் சீட்டு வரும், சீட்டைக் கொடுத்தால் பணம். 4 பாட்டில் ஒரு யூரோ!

உடம்புக்கு முடியவில்லை என்றால்? அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் மாதம் 150 யூரோவை ஒட்டி இருக்கும். அட்டையை நீட்டினால் மருத்துவர் பணம் கேட்பதில்லை. எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு 5 முதல் 10 யூரோ வரை மட்டும். ஆனால் இந்த மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிற அண்ணன்களும் அக்காக்களும் இதைக் கணக்கில் வையுங்கள்.

குளிரைவிட இருட்டுதான் பெரிது. டிசம்பர் நடுவில் பெர்லினில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும்! அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நேற்றுவரை சென்னைக்கும் உங்களுக்கும் 3½ மணி நேர வித்தியாசம், இன்று 4½. அம்மா வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். அந்த மாதங்களில் எதுவும் பிடிக்காமல் படுக்கையிலேயே கிடக்கத் தோன்றினால் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் விடுதியும் மென்ஸா என்ற உணவகமும் நடத்தும் அதே மாணவர் சேவை அமைப்பு மன ஆலோசனையும் தருகிறது. பொதுவாக இலவசம், பல ஊர்களில் ஆங்கிலத்திலும் உண்டு. சில நகரங்களில் மாணவர்களே இரவில் தொலைபேசியில் பேசக் காத்திருக்கும் நைட்லைன் சேவைகூட இருக்கிறது. ஜூனில் பார்க்க வேண்டும், பெர்லினில் இரவு 9:30-க்கும் வெளிச்சம்!

வேலை செய்யலாமா? 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க மாணவர்களுக்கு அனுமதி. முன்பு 120-உம் 240-உம்தான். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. பேராசிரியரிடம் ஹீவி என்ற உதவியாளர் வேலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சம்பளத்தோடு தொழிலும் பழகும். பட்டம் வாங்கியபின் தகுந்த வேலை தேட 18 மாதம் தங்கலாம், அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம்!

நமக்கு முன்னால் அங்கே யார் யார் போனார்கள் தெரியுமா? அம்பேத்கர் 1921-இல் பான் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார். ஜாகிர் உசேன் பெர்லினில் முனைவர் பட்டம் வாங்கினார். ராம் மனோகர் லோகியா அதே ஊரில் உப்பு வரியைப் பற்றி ஆய்வு செய்தார். இவர்களைவிட என்னைச் சிலிர்க்க வைப்பவர் மானிடவியலாளர் ஐராவதி கார்வே. 1920-களின் இறுதியில் பெர்லினில் ஆய்வுக்குச் சேர்ந்த அந்த இளம் பெண்ணிடம், வெள்ளையரின் மண்டையோட்டு அமைப்பே அவர்களின் அறிவுக்குக் காரணம் என்ற கொள்கையைச் சோதிக்கச் சொன்னார் வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்கன் ஃபிஷர். கார்வே மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்! அந்நிய ஊர், அந்நிய மொழி, மதிப்பெண் போடப்போகிறவரோ எதிரில் இருக்கிறார். அளவு என்ன சொன்னதோ அதையே எழுதினார்.

இன்னும் பின்னால் போகலாமா? 1714-இல் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பா புறப்பட்ட ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, தன்னோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப்போனார். ஹாலே நகரில் 1716-இல் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் உருவானபோது அந்த இளைஞர் பக்கத்தில் இருந்தார். அதற்குச் சில ஆண்டு முன்பே தமிழ் அச்செழுத்துகளை வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய ஊரும் ஹாலேதான்! இன்றும் அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கொலோன் பல்கலைக்கழகத்தில் 1960-களில் தொடங்கிய தமிழ்த் துறை பல்லாயிரம் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது மூடப்படும் நிலை வந்தபோது தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது.

ஹம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலை விட்டுவிட முடியுமா! போரால் இடம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் தொழிற்பேட்டை ஒன்றின் நடுவே கோபுரம் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். கோடைத் தொடக்கத்தில் தேர்த்திருவிழா. பல்லாயிரம் பேர் கூடுவார்கள், தேர் ஜெர்மன் சாலையில் அசைந்து வரும், தீர்த்தத்துக்கு டாட்டெல்ன்-ஹம் கால்வாய்! அங்கே போய்வருவதும் எளிது: பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு நாடு முழுவதற்குமான பயணச்சீட்டு வந்துவிடுகிறது. வெளியே மாதம் 63 யூரோ விலைக்கு விற்கும் டாய்ச்லாந்துச் சீட்டை மாணவருக்கு 60 விழுக்காடு விலையில் தருகிறார்கள். அதிவேக ரயிலில் செல்லாது, வட்டார ரயில் அத்தனையிலும் செல்லும். கொலோனில் படித்தாலும் டோர்ட்மண்டில் படித்தாலும் திருவிழா அன்று காலையில் ரயில் ஏறினால் போதும், தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.